மூடி போட்டால் இருட்டும் டிவி

போர்வையில் சுற்றிய டிவியை மார்போடு அணைத்துக்கொண்டு கொழுந்தனார் ரிப்பேர் கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் பிஎஸ்சி கையிலிருந்த ஸ்குருடிரைவரைக் கீழே வைத்தாள். அந்தப் போர்வையின் நீலப் பூக்கள் அவளுக்கு மனப்பாடம். இது மூன்றாவது தடவை.

"வழி விடுங்க, வழி விடுங்க, மாப்பிள்ளை வர்றாரு," என்று சொல்லிக்கொண்டே அவர் அதை மேசைமேல் இறக்கினார். "உன்னப் பாக்காம இருக்க முடியாதுன்னு ஒரே அடம். நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

"மறுபடியும் இருட்டா அண்ணே?"

"இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு. சத்தம் மட்டும் ஜோரா வருது. ரேடியோவா வச்சுக்கலாம்னு நானும் சொல்லிப் பாத்தேன். அண்ணி கேக்கல."

அவர் தெருக்கோடியில் இருக்கும் தையல்காரம்மாவின் கணவருக்குத் தம்பி. சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. முதல் தடவை வந்தபோது தையல்காரம்மா "இவரு என் கொழுந்தனாரு" என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து கடையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பெயர் ஒட்டிக்கொள்வதில் அந்தக் கடை கெட்டிக்காரக் கடை. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றும் மாமா பாதிப் பெருமையும் பாதிக் கிண்டலுமாக "நம்ம பிஎஸ்சி வந்தாச்சு" என்றார். அதற்கப்புறம் அவளுடைய உண்மைப் பெயரை யாரும் கேட்கவில்லை. சொல்லவும் அவளுக்குக் கூச்சம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடை அவருடையது. கொழுந்தனார் போனதும் அவர் எழுந்து வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். துணி விலக்கிப் பிணத்தைப் பார்ப்பவர் முகம்.

"முதல் தடவை என்ன பண்ண?"

"எல்இடி பட்டை மாத்தினேன் மாமா. நாலஞ்சு விளக்கு கருகியிருந்துச்சு."

"ரெண்டாவது தடவை?"

"பவர் போர்டுல கெப்பாசிட்டர் மாத்தினேன்."

"இப்ப என்னத்த மாத்தப் போற? வீட்டையா?"

அவளுக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அது பிறவிக் குணம்.

"இங்க பாரு. இதுதான் கடைசி. இன்னொரு தடவை இந்தப் போர்வை இந்தப் படி ஏறுச்சுன்னா நீ பழையபடி கவுண்டருக்குப் போயிரு. ரிப்பேர் மேசைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். தெருவுல நாலு பேரு சிரிக்கிறதுக்கா நான் கடை வச்சிருக்கேன்?"

கவுண்டர். வருகிறவர்களிடம் டிவியை வாங்கி வைத்துப் பதில் சொல்லும் இடம். கல்லூரி முடித்து வந்த நாளிலிருந்து போன மழைக்காலம்வரை அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் பேசுவார்கள். எப்போது கிடைக்கும், ஏன் கிடைக்கவில்லை, போன தடவை நல்லா இருந்ததே, நீதான் கெடுத்தாயா? எல்லாவற்றுக்கும் அவள் முழித்துக்கொண்டு நிற்பாள். மேசையில் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தால் அது ஓர் எண்ணைச் சொல்லும். அதோடு வாயை மூடிக்கொள்ளும். அவளுக்கு ஒத்துப்போகிற ஆசாமி மீட்டர் ஒன்றுதான்.

அந்த மேசைக்காக மாமாவிடம் எத்தனை நாள் நச்சரித்தாள். இப்போது ஒரு டிவி வந்து அவள் நாற்காலியை இழுக்கிறது.

அவள் பின்மூடியைக் கழற்றினாள். டிவியை மேசைமேல் நிறுத்தி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஓடவிட்டாள். படம் வந்தது. பளிச்சென்று வந்தது. காலை முழுதும் எரிந்தது. மதியம் எரிந்தது. அவள் சாப்பிடும்போதுகூடக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பல்லைக் காட்டிக்கொண்டு எரிந்தது.

இத்தனைக்கும் கோளாறு ஒன்றும் புரியாத கோளாறு இல்லை. சத்தம் வந்து படம் வராவிட்டால், பெரும்பாலும் படம் உள்ளேதான் இருக்கும். அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட் விளக்கு அணைந்திருக்கும். டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்துப் பிடித்தால் ஆவி மாதிரி உருவங்கள் நடமாடுவது தெரியும். விளக்கு ஏன் அணைந்தது என்பதற்கும் மூன்றே பதில்கள். மெயின் போர்டு 'விளக்கைப் போடு' என்று உத்தரவு அனுப்பவில்லை. அல்லது உத்தரவு வந்தும் பவர் போர்டு அதற்கான மின்சாரத்தைக் கொடுக்கவில்லை. அல்லது கொடுத்தும் விளக்குப் பட்டையில் எங்கோ அறுந்திருக்கிறது. இருட்டாகி இருக்கும்போது இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தால் எது குற்றவாளி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் அது இருட்டாக வேண்டுமே!

"நல்லாத்தானே எரியுது?" என்றார் மாமா, சாயங்காலம். "எரியற டிவில என்னத்த ரிப்பேர் பண்றது?"

"அவங்க வீட்டுல இருட்டாகுதுன்னு சொல்றாங்களே மாமா."

"இங்க வந்து இருட்டாகச் சொல்லு."

அவள் ஈயம் உருக்கி ஒட்டிய எல்லாச் சாலிடர் இணைப்புகளையும் ஒரு தடவை பார்த்தாள். ஒயர்களை அசைத்தாள். போர்டை மெல்லத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் மூடியைப் போட்டு அனுப்பிவைத்தாள். மறுநாள் காலையில் கடை திறந்ததும் போன் வந்தது.

"ஏம்மா," என்றார் தையல்காரம்மா, "மறுபடியும் போச்சும்மா."

பிஎஸ்சி மாமாவுக்கு முதுகைக் காட்டி நின்று குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கடைக்குக் கொண்டு வராதீங்க. நானே வர்றேன். இப்ப இருட்டாவா இருக்கு?"

"கும்மிருட்டு. வா வா, வந்து நீயே உன் கண்ணால பாரு."

அவள் மீட்டரையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி போனாள். கண்ணாமூச்சி ஆடும் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல சமயம் வராது.

தையல்காரம்மா வீட்டு முன்னறைதான் தையல் அறை. ஜன்னலை ஒட்டி இயந்திரம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பாதிச் சட்டைகள். தரை முழுதும் வெட்டுத்துணி. அறை நடுவில், ஸ்டூலின்மேல், போட்டோ எடுக்க நிறுத்தியதுபோல் டிவி நின்றது. தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு நேரே ஒரு மேசை மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

அவள் சுவிட்சைப் போட்டாள்.

படம் வந்தது. பளிச்.

"அட!" என்றார் தையல்காரம்மா. "உன்னக் கண்டதும் எப்படிச் சிரிக்குது பாரு. இப்பதான்மா இருட்டா இருந்துச்சு. என்னப் பொய்க்காரி ஆக்குது."

"பிஎஸ்சி, நீ இங்கயே தங்கிரு," என்றார் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கொழுந்தனார். "நீ இருந்தா எரியுது. உனக்கு ஒரு பாய் போட்டுத் தர்றோம்."

அவளுக்கு மண்டை காய்ந்தது. ஸ்டூலை உதைக்க வேண்டும்போல் இருந்தது. அப்படி எதுவும் செய்யாமல் டிவியின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"அக்கா, இது எப்பவும் இங்கயா இருக்கும்?"

"இங்க எங்க? அதோ, அந்தப் பொந்துக்குள்ள." சுவரை ஒட்டித் தன் கணவர் பலகையடித்துக் கட்டியிருந்த மாடத்தை அவர் காட்டினார். டிவிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் மூன்று பக்கமும் இறுக்கமான பலகை. மேலே விரிக்கும் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மாடத்துக்குப் பக்கத்திலேயே இஸ்திரி போடும் பலகை.

"எப்ப வெளிய எடுத்தீங்க?"

"நீ போன் வச்ச உடனேதான். ஆஃப் பண்ணி, கொழுந்தனார விட்டு இறக்கி, தொடச்சு, காத்துல வச்சேன். பின்னாடி தொட்டா இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. சின்னப் பொண்ணு, வந்து கையச் சுட்டுக்கப் போறியேன்னு பயம்."

பிஎஸ்சி அவரையே பார்த்தாள். "கடைக்குக் கொண்டு வர்றப்ப?"

"அப்பவும்தான். முந்தின நாளே இறக்கி வச்சிருவோம். சுடச்சுட எப்படிம்மா ஒருத்தர் கையில குடுக்கறது? அது மரியாதையா?"

அவள் வெட்டுத்துணிக் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சூடானால்தான் போகிறது. அவளுக்குக் காட்டும்போதெல்லாம் ஆறவைத்துக் காட்டியிருக்கிறார்கள். காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, டாக்டரிடம் அழைத்துவந்த கதை. கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் யார்மேல் காட்டுவது? கை சுடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவரிடமா?

அதைவிட மோசமான ஒன்று அடுத்த நொடி நினைவுக்கு வந்தது. கடையிலும் இதே கதைதான். மூடியைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, நாள் முழுதும் ஓட்டுகிறோம். அது எப்படிச் சூடாகும்? மாமாவுக்கு மூடி என்பது சாப்பிட்டுக் கை கழுவுவது மாதிரி. வேலை எல்லாம் முடிந்து, எடுத்துப்போக ஆள் வந்து நின்ற பிறகுதான் போடுவார். மூடி போட்டுச் சோதிப்பது என்ற பேச்சுக்கே அந்தக் கடையில் இடமில்லை.

கடைக்குத் திரும்பியதும் அவள் வாயைத் திறந்தாள். திறப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

"மாமா, அது சூடானாதான் போகுது. மூடி போட்டு ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

"இந்தக் கடை ஆரம்பிச்ச நாள்லருந்து தொறந்து வச்சுத்தான் ஓட்டறோம்."

அதனால்தான் திரும்பித் திரும்பி வருகிறது என்று சொல்ல நினைத்தாள்.

"ஒரே ஒரு தடவை மாமா."

"மூடி போட்டா மீட்டர எங்க வைப்ப? வாயிலயா? இருட்டானதும் நீ மூடியக் கழட்டுவ, காத்துப் பட்டதும் அது எரியும். அப்புறம் மூடு, அப்புறம் தொற. உன் வேலையா, கதவுக்காரன் வேலையா?"

அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மாமா சொல்வதில் நியாயம் இருந்தது. திறந்தால் ஆறிவிடும். மூடினால் அளக்க முடியாது. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் இதே யோசனை. பாதித் தெருவில் நின்றாள். மீட்டர் ஏன் உள்ளே போக வேண்டும்? அளக்க வேண்டிய இடத்தை வெளியே இழுத்துவிட்டால்?

கடை விடுமுறை நாளன்று அவள் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். போன் பண்ணாமல் போனாள். மாமாவிடம் கேட்காமல் அவருடைய மீட்டரையும் எடுத்துப் போனாள். அவள் வாழ்க்கையில் செய்த துணிச்சலான காரியங்களில் அது முதலிடத்தில் இருந்தது.

டிவியைத் திறந்து, 'விளக்கைப் போடு' என்ற உத்தரவு வரும் இடத்தில் ஓர் ஒயரையும், பட்டைக்கு மின்சாரம் போகும் இடத்தில் இன்னொன்றையும், பொதுவாக ஒன்றையும் சாலிடர் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் உறை மாட்டி, டேப் சுற்றி, மூடியின் காற்றுத் துவாரம் வழியே வெளியே இழுத்தாள். மூடியைப் போட்டு எல்லா ஸ்குருவையும் இறுக்கினாள். டிவி மாடத்துக்குள் போனது. மேலே துணி விரித்தாயிற்று. வெளியே தொங்கிய ஒயர்களில் இரண்டு மீட்டர்களை மாட்டினாள்.

"டிவிக்கு டிரிப் ஏத்தறியா?" என்றார் கொழுந்தனார்.

"அண்ணே, ஒயரத் தொடாதீங்க. ஷாக் அடிக்கும். இனிமே நீங்க தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. நான் வரலன்னு நெனச்சுக்கங்க."

சொல்வது எளிது. அவர்களுக்கு அதுதான் வரவில்லை. தையல்காரம்மா மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளும் டிவியும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

"அக்கா, ஃபேன் வேண்டாம்."

"எப்படிம்மா, வேர்த்து ஊத்துதே."

"ஊத்தட்டும் அக்கா."

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் ஒன்று திறந்தது. அவள் எழுந்து சாத்தினாள். இயந்திரச் சத்தம் நின்றது. பார்த்தால், அவள் பார்ப்பதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று தையல்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தைங்க அக்கா. இஸ்திரி போட மாட்டீங்களா?"

"போடணும்தான். நீ போனப்புறம் போட்டுக்கறேன். உனக்குப் புழுங்கும்."

"எனக்குப் புழுங்கணும் அக்கா!" என்றாள் பிஎஸ்சி. குரல் உடைந்தது. "டிவிக்கும் புழுங்கணும். தயவுசெஞ்சு இஸ்திரி போடுங்க."

தையல்காரம்மா கொழுந்தனைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனாலும் பெட்டியைச் சூடாக்கினார். சட்டைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. அறை வெந்தது. டிவி எரிந்தது. ஏதோ ஒரு காட்டில் சிங்கம் ஒன்று புல்லுக்குள் பதுங்கி மானைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஎஸ்சி மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீட்டரில் உத்தரவு. ஒரு மீட்டரில் மின்னழுத்தம். இரண்டும் கல் மாதிரி அசையவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக்கூட அவள் தலையைத் திருப்பவில்லை.

சிங்கம் பாய்ந்தது. மான் துள்ளியது. திரை இருண்டது.

அவள் மீட்டரின் பக்கம் குனிவதற்குள் பட்டென்று ஒரு சத்தம். கொழுந்தனாரின் உள்ளங்கை டிவியின் தலையில் விழுந்திருந்தது. படம் திரும்பி வந்துவிட்டது. சிங்கம் தனியாக நின்று மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் அவர் பெருமையாக. "இது என் கைக்குத்தான் கட்டுப்படும்."

பிஎஸ்சி எழுந்து நின்றாள். காதெல்லாம் சூடாக இருந்தது. வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

"கைய எடுங்க! யாரு தட்டச் சொன்னா? இன்னொரு தடவை தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்!"

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது. கொழுந்தனார் கையை மெல்ல இறக்கி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று பிஎஸ்சிக்கே பயமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றாள் சின்னக் குரலில்.

"பரவால்ல பரவால்ல." அவர் அண்ணியின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "மான் தப்பிச்சிருச்சா அண்ணி?"

"உன் கை தப்பிச்சதே பெருசு. பேசாம உக்காரு."

மறுபடியும் காத்திருப்பு. இப்போது அவள் எரிச்சலின் நடுவிலும் ஒன்றை யோசித்தாள். தட்டினால் வருகிறது. அப்படியானால் எரிந்துபோன பொருள் ஏதும் இல்லை. எங்கோ ஓர் இணைப்பு விரிசல் விட்டு, சூட்டில் விரிந்து, விலகுகிறது. தட்டியதும் ஒட்டிக்கொள்கிறது. மனுஷன் சும்மா தட்டவில்லை. கோளாறின் குணத்தைச் சொல்லிவிட்டார். அதை அவரிடம் சொன்னால் இனி தெருவில் இருக்கும் எல்லா டிவிக்கும் அடி விழும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

திரை மறுபடியும் இருண்டது. தையல்காரம்மா பாதி மடித்த சட்டையோடு அப்படியே நின்றார். கொழுந்தனார் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிஎஸ்சி குனிந்தாள். உத்தரவு இருந்தது. மெயின் போர்டு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இன்னொரு மீட்டரில் எண் மளமளவென்று இறங்கிச் சுழியத்தில் நின்றது. பட்டை அறுந்திருந்தால் இப்படி இறங்காது. ஒரு தாவு மேலே தாவிவிட்டுத்தான் விழும். குற்றவாளி பவர் போர்டு. அதிலும் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தச் சின்னப் பகுதி.

"கெடச்சிருச்சு!" என்று கத்தினாள். "இருட்டாயிருச்சு அக்கா! இருட்டாயிருச்சு!"

"ஆமாம்மா, தெரியுது," என்றார் தையல்காரம்மா கவலையோடு. "ஒரு வாய் தண்ணி குடிக்கிறியா?"

அவள் டிவியை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த மூடியைக் கழற்றும்போது விரல்கள் சுட்டன. தேங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, பவர் போர்டை வெளியே எடுத்துத் திருப்பினாள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு போனாள். கம்பிச்சுருளான காயிலின் கால் ஒன்றைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு கறுப்பு வளையம். இதே இடத்தைக் கடையிலும் பார்த்திருந்தாள். ஆறிக் கிடந்தபோது வளையம் மூடிக்கொண்டு நல்லபிள்ளையாக இருந்தது. நகத்தால் காயிலை அசைத்தாள். கால் மட்டும் ஆடியது. சுற்றி இருந்த சாலிடர் ஆடவில்லை.

இவ்வளவுதான். இதற்குத்தான் மூன்று தடவை போர்வை.

பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். பக்கத்தில் கனமாக இருந்த மற்ற கால்களுக்கும் வைத்தாள். வெளியே இழுத்த ஒயர்களை எடுத்தாள். மூடி போட்டு, ஸ்குரு இறுக்கி, மாடத்துக்குள் தள்ளி, துணி விரித்தாள். தையல்காரம்மா தானாகவே இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கொழுந்தனுக்கு உத்தரவு போட்டார். வெளியே வெயில் சாய்ந்து, தெருவிளக்கு வரும்வரை டிவி எரிந்தது. மடிக்கச் சட்டை தீர்ந்து, போர்வைகளையும் தலையணை உறைகளையும் இஸ்திரி போட்டார். எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை மாமா கடைக்கு வந்தபோது பிஎஸ்சி மேசையில் இருந்தாள். அவர் மீட்டர் பழைய இடத்தில்தான் இருந்தது, அதன் ஒயர் மட்டும் வேறு மாதிரி சுற்றியிருந்தது. அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போனியா?"

"ஆமா மாமா."

"கோளாறு எங்க இருந்துச்சு?"

"காயில் கால்ல. வளையம் விட்டிருந்துச்சு. சூடானா விலகுது."

மாமா மீட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நான் முழு போர்டையே மாத்தியிருப்பேன்," என்றார். பிறகு, யாரோ வலுக்கட்டாயமாகப் பிடுங்கியதுபோல், "ஒயர வெளிய இழுத்தியா?" என்று கேட்டார்.

"ம்."

அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குள் அவள், முந்தின வாரம் வேலை முடித்து மூலையில் வைத்திருந்த இன்னொரு டிவியைத் தூக்கி, மூடியைப் போட்டு ஸ்குரு இறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஆள் வந்துட்டாங்களா?"

"இல்ல மாமா. மூடி போட்டு ஒரு அரைநாள் ஓடட்டும். அப்புறம் சொல்லிவிடலாம்."

"மூடி போட்டுட்டா எல்லாரும் வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனப்பாங்க. வந்து நிப்பாங்க. குடு குடுன்னு கழுத்த அறுப்பாங்க."

"முடியலன்னு சொல்லுங்க மாமா."

"நானா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஸ்குருவைத் திருகினாள். காது மட்டும் சூடானது. "அது என்னால முடியாது மாமா. அவங்ககிட்டப் பேசவும் முடியாது, இதப் பாதியில விடவும் முடியாது. பேச்சா, வேலையா, ரெண்டுல ஒண்ணத்தான் என்னால செய்ய முடியும்."

மாமா வாயைத் திறந்தார். எதுவோ பெரிதாக வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அதற்குள் வாசலில் ஓர் அம்மா கையில் டிவியோடு வந்து நின்றார். கவுண்டரில் யாரும் இல்லை. "யாருங்க கடையில?" என்று கேட்டார். மாமா பழைய பழக்கத்தில் பிஎஸ்சியைப் பார்த்தார். பிஎஸ்சி அடுத்த ஸ்குருவை எடுத்தாள். அந்த அம்மா மறுபடியும் குரல் கொடுத்தார்.

"வர்றேன், வர்றேன்," என்று மாமா எழுந்தார். நாற்காலி தரையைக் கீறியது. போகிற போக்கில் அவர் எதையோ முணுமுணுத்தார். அது அவளைப் பற்றியா, டிவிகளைப் பற்றியா, படித்தவர்களைப் பற்றியா என்று தெரியவில்லை.

கவுண்டரிலிருந்து அவர் குரல் கேட்டது. "என்ன ஆச்சு? சத்தம் வருதா? படம் வருதா? ரெண்டும் வரலையா, இல்ல ஒண்ணு வந்து ஒண்ணு வரலையா? ரிமோட் எங்கம்மா? டிவியக் கொண்டு வர்றவங்க ரிமோட்டக் கொண்டு வர மாட்டீங்களா?"

"வீட்டுல இருக்குங்க. எப்ப கெடைக்கும்?"

"இன்னும் நான் தொடவே இல்லைம்மா!"

"சாயங்காலம் கெடைக்குமா?"

பிஎஸ்சி கடைசி ஸ்குருவை இறுக்கிவிட்டு, டிவியைச் சுவரோடு நெருக்கமாகத் தள்ளி, சுவிட்சைப் போட்டாள்.